காசிராஜன் கேட்காத மோர்

காசிராஜனின் கழுத்தைக் கெடுத்தவன் நான்தான். டாக்டர் தேய்மானம் என்றார். தறி முதலாளி வயசு என்றார். தெருக்காரர்கள் கண்ணேறு என்றார்கள். ஒருத்தர் வாயிலும் என் பெயர் வரவில்லை. வராதவரைக்கும் நல்லது என்று நானும் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு செல்போன் கடை இருக்கிறது. விஜயராஜ் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, 'கண்ணாடி ஒட்டுற அண்ணாச்சி' என்றால் தெரியும். உடைந்த டிஸ்பிளேயை மாற்றுவேன், தண்ணீரில் விழுந்த போனைப் பிழைக்க வைப்பேன். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதும் உண்டு. இந்தக் காலத்தில் யார் அதற்கு வருகிறார்கள்? காசிராஜன் வருவான். அவன் வேலை பார்க்கிற தகரக் கொட்டகைக்குள் சிக்னல் எட்டிப் பார்க்காது.

அவன் விசைத்தறி ஓட்டுகிறவன். நாற்பது வயசு. நாலு தறிக்கு ஒரு ஆள் என்று கணக்கு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அந்த நாலுக்கும் நடுவே நடக்க வேண்டும். எங்கே இழை அறுகிறது, குறுக்கு நூலை இழுத்து ஓடுகிற நாடா எங்கே சிக்குகிறது என்று கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினாறு வருஷமாக அதே கொட்டகை. மனைவி யோகலட்சுமிக்கும் அங்கேதான் வேலை, மூலையில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டைக்குத்தான் தார் என்று பெயர். இருவரும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள். வழியில் என் கடையில் நிற்பார்கள். பேசுவது அவன், நிற்பது அவள்.

அவனோடு பேசுவது பெரும்பாடு. காது பாதி போய்விட்டது. நான் ஒன்று சொன்னால் அவன் வேறொன்றுக்குப் பதில் சொல்லுவான். ஒருநாள் கடையில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுக்கு வந்த பொறவும் தறி நிக்க மாட்டேங்குவே," என்றான். "மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே கெடக்கு. சோறு திங்கும்போதும் ஓடுது. பக்கத்துல யாரும் பேசினா அதுக்கு மேலதான் ஓடுது."

"ஒரு பாட்டைக் கேட்டுக்கிட்டுப் படும்."

"எந்தப் பாட்டுவே கேக்கும்? மெலடிய எல்லாம் அது அமுக்கிரும்."

இருந்தாலும் கார்டைக் கொடுத்தான். நான் ஏற்றியும் கொடுத்தேன். அதிலேதான் வினை. அந்த வாரம் வாசுதேவநல்லூர்க்காரப் பையன் ஒருவன், இன்ஜினீயரிங் படிக்கிறவன், கண்மாயில் விழுந்த போனைக் கொண்டுவந்திருந்தான். அதில் இருந்ததையெல்லாம் பத்திரத்துக்காக ஒரு கார்டில் எடுத்து வைத்திருந்தேன். இரண்டும் கறுப்புக் கார்டு. காசிராஜனுக்குப் போனது அந்தப் பையனுடையது.

மூன்றாம் நாள் தவறு தெரிந்தது. திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். காசிராஜன் வந்தான், திட்டவில்லை.

"இதே மாதிரி இன்னும் இருக்காவே?" என்றான்.

போட்டுக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஞானபூரணம் டீச்சர் வாசிக்கிற ஆர்மோனியத்தோடு வளர்ந்த காது எனக்கு. இது என்ன சனியன் என்று இருந்தது. கிதாரை ரம்பத்தால் அறுக்கிறார்கள், டிரம்மை உலக்கையால் இடிக்கிறார்கள், பாடுகிறவன் தொண்டையில் முள் மாட்டின மாதிரி கத்துகிறான். கார்டில் ஒரு வீடியோவும் இருந்தது. மேடைக்கு முன்னால் ஆயிரம் பேர், ஆணும் பெண்ணும், முடியை விரித்துப் போட்டு, இடுப்பிலிருந்து குனிந்து தலையை மேலும் கீழும் வீசுகிறார்கள். சிலபேர் சுழற்றுகிறார்கள்.

"இவனுவளுக்கு எந்தச் சாமிவே வந்திருக்கு?" என்று கேட்டான் காசிராஜன்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. இது ஒரு ஆட்டம். ஹெவி மெட்டல்னு பேரு."

"மெட்டல்னா இரும்புல்லா?"

"இரும்புதான்."

"அப்ப நம்ம தறிதான்," என்றான். அவன் அவ்வளவு லேசாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது அவன் வீட்டுக்குள் நடந்தது. வேலை முடிந்து வந்து முகம் கழுவி, இயர்போனை மாட்டிக்கொண்டு, முன்னறையில் கதவைச் சாத்தி அரை மணி நேரம் தலையை வீசுவான். முதலில் மெதுவாக, பிறகு வீடியோவில் பார்த்த மாதிரி. முடியையும் வளர்த்தான். முடி இல்லாமல் ஆடினால் பாதி ஆட்டம் காற்றோடு போய்விடுகிறது என்று காரணம் சொன்னான். யோகலட்சுமி வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். யார் வந்து கேட்டாலும் "அவுக அசந்து தூங்குதாக" என்பாள்.

"அந்த அரை மணி நேரந்தாம்வே தறி நிக்கி," என்று என்னிடம் சொன்னான். "இந்தச் சத்தம் அதைத் தூக்கி வெளிய எறிஞ்சிருது. ஆடி முடிச்சு உக்காந்தேம்னா வீட்டுல பல்லி கத்துதது கேக்கு எனக்கு."

அவனுக்கு அந்தப் பல்லிச் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்கு முழுசாகப் புரியவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போனது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

போன ஆடி மாசம், கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று யோகலட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் ஆள் இல்லை, கதவும் ஒருக்களித்துக் கிடந்தது. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு முத்துத்தாய் எட்டிப் பார்த்தாள். அறுபது வயசு, தனிக்கட்டை. ஒரே மகன் துபாயில். நாற்பது நாளாகப் போன் இல்லை. இதெல்லாம் அவள் தலையில் ஏற்கெனவே சுமையாகக் கிடக்கிறது.

உள்ளே காசிராஜன் முடியை விரித்துப் போட்டு, கண்ணை மூடி, தலையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். இயர்போன் முடிக்குள் மறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், ஆடி மாசம். கண்ட யாருக்கும் வேறென்ன தோன்றும்? எனக்கே தோன்றியிருக்கும்.

முத்துத்தாய் அப்படியே தரையில் விழுந்து கேட்டிருக்கிறாள். "ஆத்தா, எம் மவன் என்ன ஆனான்? ஒரு வாக்குச் சொல்லு."

அவனுக்கு அவள் வந்ததே தெரியாது. அந்தக் கார்டில் ஐந்தாவது பாட்டில் ஒரு இடம் உண்டு. பாடுகிறவன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 'நோ மோர், நோ மோர்' என்று கத்துவான். இனி போதும் என்று அர்த்தம். அந்த இடம் வந்தால் காசிராஜனும் சேர்ந்து கத்துவான். அர்த்தம் தெரிந்து இல்லை, அந்த இடத்தில் கத்தினால் நெஞ்சு காலியாகிறது என்று. அன்றைக்கும் கத்தினான். முத்துத்தாய்க்கு 'நோ' உறுமலாகக் கேட்டது. 'மோர்' மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஓடிப்போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் கண்ணைத் திறந்தான். அரை மணி நேரம் ஆடின தாகம். எதற்கு, ஏன் என்று கேட்காமல் மடமடவென்று குடித்தான். மறுநாள் மத்தியானம் அவள் மகன் போன் பண்ணினான். கம்பெனியை மாற்றினானாம், சிம்மை மாற்றினானாம்.

அதோடு முடிந்தது காசிராஜனின் அரை மணி நேரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு செம்பு மோரோடு. அடுத்த வாரம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வேன். பிறகு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது, அமாவாசையும் சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவான் உடுக்கு கொண்டுவந்து அடிக்க ஆரம்பித்தான். காதுக்குள் ஒரு தாளம், வெளியே ஒரு தாளம். எதற்கென்று தலையை வீசுவான் மனுஷன்?

"சொல்லிரும்வே," என்றேன் நான். "இது பாட்டு, சாமி இல்லன்னு சொல்லிரும்."

"சொல்லத்தான் போனேன். முத்துத்தாய் சித்தி முன்னால உக்காந்து அழுது. அரை மணி நேரம் அழுதுட்டு, மூக்கைச் சிந்திட்டு, தெளிஞ்சு எந்திச்சுப் போவுது. அதுட்ட போயி என்னத்தச் சொல்ல?"

இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவன் சொல்லவில்லை. குழாயடியில் யோகலட்சுமிக்கு இப்போது வரிசை கிடையாது. 'தார் சுத்துறவ' என்றவர்கள் 'யோகக்கா' என்கிறார்கள். முதலாளி, பதினாறு வருஷத்தில் ஒரு நாள் லீவுக்கு மூஞ்சியைத் தூக்குகிறவர், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னாலேயே அவர்களை அனுப்பினார். மோர்க் கதையை நினைத்துச் சிரித்தாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. உழைத்தபோது இல்லாத மரியாதை தலையை ஆட்டினதும் வருகிறது.

ஆனால் ஆட்டத்தில் சாரம் போய்விட்டது. "ரெண்டாவது ஷிப்டு ஆயிப்போச்சுவே," என்றான் ஒருநாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "கொட்டகைல நாலு தறி பாக்கேன். வீட்டுல நாப்பது பேரைப் பாக்கேன். பாட்டு ஓடுது, தறியும் கூடவே ஓடுது. நிக்கவே இல்ல."

தை பிறந்த சமயம், ஒருநாள் காலையில் கொட்டகையில் அவன் கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. எடுக்கப் போனான், விரல் மடங்கவில்லை. இடது கை தோளிலிருந்து விரல் நுனி வரை மரத்துப்போயிருந்தது. திருநெல்வேலிக்கு நான்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப்போய், கூடவே பஸ்ஸும் ஏறினேன். ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்பு தேய்ந்து, நடுவில் இருக்கிற சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம்.

டாக்டர் அவன் முடியைப் பார்த்தார். "சாமியாடுவீங்களா?"

"இல்ல சார். இங்கிலீஷ் பாட்டு."

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, எதுவானாலும் இனித் தலையை ஆட்டினால் கை திரும்பாது என்றார். கழுத்துக்கு ஒரு பட்டையை மாட்டிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது காசிராஜன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வெளியே பார்க்கக் கழுத்தைத் திருப்ப முடியாமல் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தான். தேவர்குளம் தாண்டும்போது, "இனி நிக்காதுல்லாவே?" என்றான். எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மண்டைக்குள் ஓடுகிற தறியைத்தான்.

தெருக்காரர்கள் கலங்கித்தான் போனார்கள். முத்துத்தாய் கோயிலிலிருந்து புற்றுமண் வாங்கிவந்து, பட்டையை விலக்கி, கழுத்தில் பூசிவிட்டாள். "எப்பக் கழத்துவாக?" என்று எல்லோரும் யோகலட்சுமியிடம் கேட்டார்கள். கழற்றினதும் ஆட்டம் தொடரும் என்ற நம்பிக்கை. கை மரத்தவனிடம் இன்னும் கேட்பதற்கு அவர்களுக்கு ஏதோ பாக்கி இருந்தது. எனக்கு அந்த முகங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆளுக்கொரு சுமை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் காசிராஜன் என்னைப் போனில் கூப்பிட்டான். போனேன். முன்னறையில் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான். கார்டை என் கையில் வைத்தான்.

"அழிச்சிரும்."

"இருக்கட்டும்வே. கேக்கவாவது செய்யலாம்."

"கேட்டா ஆடிருவேன். கைல இருக்கப்பிடாது. அழிச்சிட்டு அந்தப் பழைய மெலடிய ஏத்தும். சவம், கேக்காட்டாலும் ஓடிக்கிட்டுக் கெடக்கட்டும்."

கார்டை என் போனில் போட்டேன். எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து அழிக்கிற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். அடுக்களையிலிருந்து யோகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அழிக்காண்டாம்."

காசிராஜன் உடம்போடு சேர்த்துத் திரும்பினான். "நமக்கு எதுக்குட்டி இனி?"

"நமக்கு இல்ல, எனக்கு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் எப்போதும் அந்தக் குரலில்தான் பேசுவாள், காது மந்தமானவனோடு வாழ்கிறவள் கத்திப் பழகாதது எப்படி என்று நான் யோசித்திருக்கிறேன். "எனக்கும் மண்டைக்குள்ள ஓடுதுங்க. பதினாறு வருசமா ஓடுது. நீங்க கதவைச் சாத்தி நிறுத்திக்கிட்டீங்க. நான் வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு, உங்க காலு தரைல மிதிக்கத எண்ணிக்கிட்டு இருந்தேன். எது எத்தனாவது பாட்டுன்னு எனக்கு மிதியிலயே தெரியும். அஞ்சாவதுல நோ மோர் வரும். இவ்வளவு நாளுல உனக்கும் ஓடுதான்னு நீங்க ஒரு வார்த்த கேக்கல."



எனக்குத் தலை நிமிரவில்லை. அதே கொட்டகை, அதே பன்னிரண்டு மணி நேரம், அதே சத்தம். பதினாறு வருஷமாக அவனோடு வந்து என் கடையில் நின்றவள். பாட்டு ஏற்ற எத்தனை முறை கார்டு வாங்கியிருக்கிறேன். உங்களுக்கு என்ன பாட்டு வேணும் மதினி என்று நானும் கேட்டதில்லை.

கார்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் போனில் போட்டு, இயர்போனை மாட்டினாள். கொண்டையை அவிழ்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். வெளியே போகச் சொல்கிறாள் என்று புரிந்து எழுந்தோம். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசல்படியில் அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் காசிராஜன் உட்கார்ந்தான். பக்கத்தில் நான். உரிக்காத வெங்காயம் முறத்தில் கிடந்தது. உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கால் மிதிக்கிற சத்தம் கேட்டது, முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் விடாமல்.

முத்துத்தாய் செம்போடு வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாதவள்.

"நீ இங்கன இருக்க. உள்ள யாருய்யா?"

"யோகம், சித்தி."

முத்துத்தாயின் முகம் மலர்ந்தது. "அவளுக்கும் ஆத்தா வந்துட்டாளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடி ஓடியிருக்கும். நாளைக்கே வேன் வரும். குழாயடியில் மரியாதை நிற்கும். காசிராஜன் மூடின கதவை ஒருதரம் உடம்போடு திரும்பிப் பார்த்தான்.

"இல்ல சித்தி," என்றான். "அவளுக்கும் வரல, எனக்கும் வந்ததில்ல. அது பாட்டு. காதுல மாட்டிக்கிட்டு ஆடினேன். அன்னைக்கு நான் மோரு கேக்கவே இல்ல. இனி போதும்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்த, அதைக் கத்தினேன். உங்கள ஏமாத்தணும்னு இல்ல. ஏமாத்திட்டேன்."

அவள் செம்பைப் பிடித்தபடி நின்றாள். திட்டுவாள், தெருவைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். என்னையும் சேர்த்துத் திட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது உள்ளே யோகலட்சுமி கத்தினாள். அதுவரை அந்தத் தெருவில் அவள் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. "நோ மோர், நோ மோர்" என்று, தொண்டை கிழிய, அழுகிறாளா என்று தெரியாத மாதிரி. காசிராஜன் பட்டை கட்டின கழுத்தைத் தாழ்த்த முடியாமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

முத்துத்தாய் கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். செம்பைப் பக்கத்தில் வைத்து முந்தானையால் மூடினாள்.

"இன்னும் எத்தன பாட்டுய்யா இருக்கு?"

"ஒம்பது," என்றான் காசிராஜன்.

"இருக்கட்டும். பைய வரட்டும். தாகமா இருப்பா," என்று சொல்லிவிட்டு, முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.